அடையாறு அணுக்கள்: 639-ஐ 18-ஆல் வகுத்தால்

அடையாறு ஆலமரத்தைப் பத்தி எழுதாத சென்னைப் பதிவர் கிடையாது. நானும் ஒரு தடவை எழுதியாச்சு. 1989 புயலில் நடு மரம் சாய்ந்தது, விழுதுகள் மட்டும் நின்றது, எல்லாம் சொல்லியாச்சு. இன்னைக்கு மரத்தை விட்டுடுவோம். அதே தோட்டத்திலிருந்து வந்த ஒரு புத்தகத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. வேதியியல் புத்தகம். ஆனா அதை எழுதினவங்க தராசு, குடுவை எதையும் தொடலை. கண்ணை மூடி உட்கார்ந்து அணுவுக்குள்ளே பார்த்தோம், இருந்ததை எண்ணினோம் என்றார்கள். பெயர் 'அக்கல்ட் கெமிஸ்ட்ரி'. 1908-ல் அடையாறு பிரம்மஞான சபை வெளியிட்டது.

எழுதத் தூண்டியது என் பெரியப்பா. மயிலாப்பூர்வாசி, அன்னி பெசன்ட் மேல அபார மரியாதை. "ஐசோடோப்பை அஸ்டனுக்கு முன்னாடியே நம்ம அடையாறுல கண்டுபிடிச்சாச்சு, வெள்ளைக்காரன் நோபல் வாங்கிண்டு போயிட்டான்" என்பது அவர் வெகுநாளாகச் சொல்லிவரும் விஷயம். முன்னெல்லாம் வாயால் சொல்வார், இப்போ வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். இது வெறும் கட்டுக்கதையாக இருந்தால் சிரிச்சுட்டுப் போயிடலாம். சிக்கல் என்னன்னா, அதில் பாதி நிஜம். அந்தப் பாதி எது, மீதிப் பாதி ஏன் இல்லைங்கறதைப் பார்க்க, பிளஸ் ஒன் பையன்கள் போடும் ஒரு கணக்கு போதும்: நிறை விகிதத்தை மோல் விகிதமா மாத்துற கணக்கு.

(டிஸ்கி: நடுவில் வகுத்தல் வரும். பயப்பட வேண்டாம், மொத்தமே நாலஞ்சுதான்.)

முதலில் ஆட்கள். பிரம்மஞான சபை 1875-ல் நியூயார்க்கில் ஆரம்பித்து, 1882 டிசம்பரில் அடையாறு ஆற்றின் தென்கரைக்கு வந்து சேர்ந்தது. அன்னி பெசன்ட் 1907-ல் அதன் தலைவர் ஆனார். நமக்கு அவரை ஹோம் ரூல் அம்மையாராகத்தான் தெரியும், 1917-ல் காங்கிரஸ் தலைவர், பெசன்ட் நகர் என்ற பெயருக்குக் காரணம். ஆனா இந்தப் பக்கம் வருவதற்கு முன்னால் லண்டனில் அவர் அறிவியல் படித்தவர், பாடமும் எடுத்தவர். பட்டம் வாங்கவில்லை, அவ்வளவுதான். அணு எடை என்றால் என்ன என்று தெரியாமல் பேசியவர் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். கூட இருந்தவர் சார்ல்ஸ் லெட்பீட்டர். 1909-ல் அடையாறு கடற்கரையில் சிறுவன் ஜே.கிருஷ்ணமூர்த்தியைப் பார்த்து "இவன்தான்" என்று சொன்னாரே, அதே ஆள். இவர்கள் பார்த்துச் சொன்னதைக் குறித்துவைத்து ஒழுங்குபடுத்தியவர் இலங்கையிலிருந்து வந்த ஜினராஜதாசா. பின்னால் 1945-லிருந்து அவரே சபைத் தலைவர்.

ஆரம்பம் அடையாறு இல்லை, லண்டன், 1895. முதலில் பார்த்தது ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், அப்புறம் பெயர் தெரியாத இன்னொன்று. அந்த வருஷம் நவம்பரில் 'லூசிஃபர்' என்ற சபைப் பத்திரிகையில் கட்டுரை வந்தது. பிறகு 1907-ல் ஜெர்மனியில் டிரெஸ்டன் பக்கம் ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து இன்னும் ஐம்பதுக்கும் மேற்பட்ட தனிமங்கள். 1909-ல் அடையாறிலேயே வைத்து மேலும் சில. எல்லாம் 'தி தியசாபிஸ்ட்' இதழிலும் அடையாறு புத்தகத்திலும் அச்சேறியது.

எப்படிப் பார்த்தார்கள்? நம்மூர் அட்டமா சித்திகளில் அணிமா என்று ஒன்று வருமே, தன்னை அணு அளவுக்குச் சிறிதாக்கிக்கொள்வது, அந்த வகை. அப்படிப் பார்த்ததில் எல்லாத் தனிமங்களும் ஒரே மாதிரியான ஒரு கடைசித் துகளால் ஆனவையாகத் தெரிந்தன. இதய வடிவத்தில், கம்பியைச் சுற்றின மாதிரி இருக்கும் ஒரு துகள். அதுக்கு அவங்க பின்னால் வெச்ச பெயர் என்ன தெரியுமா? 'அணு'! நம்ம அணுவேதான். ஆனா ஹைட்ரஜன் அணுவுக்குள்ளே 18 'அணு' என்று எழுதினால் நீங்களும் குழம்பி நானும் குழம்புவேன். அதனால் இந்தப் பதிவில் மட்டும் அவங்க துகளை 'மணி' என்று சொல்றேன்.

ஹைட்ரஜனில் 18 மணி. அதுதான் அளவுகோல். வேற எந்தத் தனிமத்தை எடுத்தாலும் உள்ளே உள்ள மணிகளை எண்ணு, 18-ஆல் வகு, அணு எடை கிடைச்சுடும். ஹீலியம் 72, வகுத்தால் 4. கார்பன் 216, வகுத்தால் 12. இரும்பு 1008, வகுத்தால் 56. தங்கம் 3546, வகுத்தால் 197. பாடப் புத்தகத்தைத் திறந்து பாருங்க, கிட்டத்தட்ட அதே எண்கள்.

முதல் தடவை படிச்சப்போ எனக்கும் கொஞ்சம் சிலிர்த்தது, பொய் சொல்லலை.

இந்தச் சிலிர்ப்புக்கு ஒரு காரணம் இருக்கு. அணு எடை என்பது வேதியியலில் யாரும் நேரடியாகப் பார்த்து எழுதின எண் இல்லை, அரை நூற்றாண்டு அடிதடி போட்டு வாங்கின எண். அதைக் கொஞ்சம் சொல்லணும்.

உண்டியல் சில்லறையை ஒவ்வொண்ணா எண்ணினால் விடிஞ்சுடும். பிரித்து எடை போட்டு எண்ணிக்கையைச் சொல்லிவிடலாம். 2011-க்குப் பின் வந்த ஒரு ரூபாய் நாணயம் 3.79 கிராம், அதே வரிசையில் ஐந்து ரூபாய் 6 கிராம். ஒரு பையில் ஒரு ரூபாய் நாணயம் 3.79 கிலோ, இன்னொரு பையில் ஐந்து ரூபாய் 12 கிலோ. எடை விகிதம் அசிங்கமான எண், 3.79-க்கு 12. ஆனா ஒவ்வொன்றையும் அதனதன் நாணய எடையால் வகுத்தால் ஆயிரம், இரண்டாயிரம். ஒன்றுக்கு இரண்டு. இதுதாங்க நிறை விகிதத்திலிருந்து மோல் விகிதம். தி.நகர் டியூஷன் சென்டர்களில் இதை நாலு வாரம் இழுக்கிறார்கள் :-)

தண்ணீரையே எடுத்துக்குவோம். 100 கிராம் தண்ணீரைப் பிரித்தால் ஹைட்ரஜன் 11.19 கிராம், ஆக்சிஜன் 88.81 கிராம். ஒவ்வொன்றையும் அதன் அணு எடையால் வகுக்கணும். ஆக்சிஜன் அணு எடை தெரிந்தால் சூத்திரம் தெரியும். ஆனா ஆக்சிஜன் அணு எடையைக் கண்டுபிடிக்கணும்னா தண்ணீரின் சூத்திரம் தெரியணும்! கோழியா முட்டையா கதை. ஜான் டால்டன் 'எளிமையா இருக்கட்டும்' என்று தண்ணீரில் ஒன்றுக்கு ஒன்று என வைத்துக்கொண்டார். அளவீடும் அப்போ துல்லியம் இல்லை. 1808-ல் வந்த அவர் புத்தகத்தில் ஆக்சிஜனின் எடை 7. சில்லறை உவமையில் சொன்னால், பையின் எடை தெரியும், ஒரு நாணயத்தின் எடை தெரியாது, எத்தனை நாணயம் என்பதும் தெரியாது. இரண்டில் ஒன்றை யூகித்து மற்றதைச் சொல்கிறார்.

சம கன அளவு வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறு என்று அவகாட்ரோ 1811-லேயே சொல்லியிருந்தார். பெரும்பாலோர் கண்டுக்கலை. 1858-ல் கனிட்சாரோ என்ற இத்தாலிய வாத்தியார் அதைத் தூசு தட்டி, ஆவி அடர்த்திகளை வைத்து அணு எடைகளை வரிசையாகப் போட்டுக் காட்டினார். 1860-ல் கார்ல்ஸ்ருஹே மாநாட்டில் அந்தச் சிறு புத்தகம் கைமாறிய பிறகுதான் சண்டை ஓய்ந்தது. தண்ணீர் ஹெச்2ஓ என்று நாம் தூக்கத்திலும் சொல்வதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கு.

இத்தனை சுற்றுவழி எதுக்கு, நேரா உள்ளே பார்த்து எண்ணிடலாமே என்பதுதான் அடையாறு சொன்ன பதில். எடை போடாமல் எண்ணிக்கை. சரி என்று நிரூபணமானால் வேதியியலின் பாதிப் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடலாம். அதனால் நாமும் அதே மரியாதையோடு சோதித்துப் பார்ப்போம். எண்ணிக்கையை அவங்க கொடுத்துட்டாங்க. எடை விகிதம் ஆய்வகத்தில் இருக்கு. இரண்டையும் கோத்தால் முழு எண் வரணும். வராவிட்டால் ஏதோ தப்பு.

அவங்க ஆக்சிஜன் 290 மணி. 290-ஐ 18-ஆல் வகுத்தால் 16.11. பார்க்க நல்லாத்தான் இருக்கு, புத்தகத்தில் 16 தானே? இங்கேதான் ஒரு நுணுக்கம். புத்தகத்தில் ஆக்சிஜன் 16 என்றால் ஹைட்ரஜன் 1 இல்லை, 1.008. ஹைட்ரஜனைச் சரியா 1 என்று வைத்தால் ஆக்சிஜன் 15.88-க்கு இறங்கிவிடும். அடையாறு கணக்கில் ஹைட்ரஜன்தான் அடிப்படை, 18 மணி, எடை சரியா 1. அப்போ ஆக்சிஜனுக்கு 15.88-க்குப் பக்கத்தில், அதாவது 286 மணி வரணும். வந்தது 290.

இதில் ஒரு தற்செயல் எனக்கு ரொம்பப் பிடித்தது. லண்டனில் இவங்க 290 எண்ணின அதே 1895-ல், அமெரிக்காவில் எட்வர்ட் மார்லி என்பவர் ஆக்சிஜன் ஹைட்ரஜன் எடை விகிதத்தை வெளியிட்டார்: 15.879. மைக்கேல்சன்-மார்லி சோதனை என்று இயற்பியலில் வருமே, அந்த மார்லிதான். மனுஷன் பத்து வருஷத்துக்கு மேல் இந்த ஒரே எண்ணுக்காக வாயுவைச் சுத்தப்படுத்தி, எடைபோட்டு, திரும்ப எடைபோட்டுன்னு உட்கார்ந்திருந்தார். ஒரே வருஷத்தில் இரண்டு விடை, 15.879, 16.11.

கணக்கில் போடுவோம். மார்லி எண்ணில், 88.81-ஐ 15.88-ஆல் வகுத்தால் 5.593. ஹைட்ரஜன் 11.19-ஐ 1-ஆல் வகுத்தால் 11.19. விகிதம் 2.00. அடையாறு எண்ணில், 88.81-ஐ 16.11-ஆல் வகுத்தால் 5.513. விகிதம் 2.03. ஆயிரம் ஆக்சிஜனுக்கு 2030 ஹைட்ரஜன். அந்த முப்பது எங்கே தொங்குது?

"சும்மா ஒண்ணரை சதவீதம் தானேடா" என்பார் பெரியப்பா. சரி, நைட்ரஜனுக்குப் போவோம். அவங்க கணக்கு 261 மணி, அதாவது 14.5. ஹைட்ரஜன் 1 என்ற அளவுகோலில் நிஜமான எண் 13.90. அம்மோனியாவில் 100 கிராமுக்கு நைட்ரஜன் 82.24, ஹைட்ரஜன் 17.76. சரியான எண்ணால் வகுத்தால் ஒரு நைட்ரஜனுக்கு 3.00 ஹைட்ரஜன். 14.5-ஆல் வகுத்தால் 3.13. எட்டு மூலக்கூறுக்கு ஒரு ஹைட்ரஜன் உபரி. அம்மோனியா அப்படி இல்லை. 1895-லும் இல்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாகணும். இவங்களை மோசடிக்காரர்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோணலை. ஏமாத்தணும்னா நைட்ரஜனுக்கு 252 என்று எழுதியிருக்கலாமே, கச்சிதமா 14 வந்திருக்கும். ஆக்சிஜனுக்கு 288 போட்டால் கச்சிதமா 16. பக்கத்திலேயே ஆய்வக எண்ணையும் அச்சடித்து, பொருந்தாத எண்ணைப் பொருந்தாமலே விட்டிருக்கிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. பார்த்ததாக உண்மையிலேயே நம்பினவர்கள். நம்பிக்கை நேர்மையாக இருப்பதால் விடை சரியாகிவிடாது என்பது வேற விஷயம்.

இப்போ 1908. புத்தகம் அடையாறில் அச்சாகிறது. அதே வருஷம் பாரிஸில் ஜான் பெர்ரன், தண்ணீரில் மிதக்கும் பிசின் உருண்டைகளை மைக்ராஸ்கோப்பில் எண்ணிக்கொண்டிருந்தார். பிசின் துணுக்குகள் மேலே போகப்போக எப்படிக் குறைகின்றன என்பதிலிருந்து அவகாட்ரோ எண்ணைப் பிடித்தார், அதாவது ஒரு மோலில் எத்தனை. அதே வருஷம் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டும் கைகரும் ஆல்ஃபா துகள்களை ஒவ்வொன்றாக எண்ணும் கருவி செய்தார்கள். மோல் என்ற சொல்லையே புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஆஸ்ட்வால்ட், அணு என்று ஒன்று நிஜமாக இருப்பதாகவே நம்பாதவர், அவரும் அந்த வருஷம்தான் 'சரி, இருக்கு' என்று இறங்கிவந்தார். அணுவை எண்ண முடியும் என்பது உலகம் முழுக்கக் காற்றில் இருந்த ஆசை. அடையாறு அதில் தனியாக இல்லை. எண்ணிய விதம்தான் தனி. பெர்ரன் எண்ணியதை யார் வேண்டுமானாலும் பிசின் வாங்கி மைக்ராஸ்கோப் வைத்து எண்ணலாம். லெட்பீட்டர் எண்ணியதை லெட்பீட்டர்தான் எண்ணணும்.

இனி பெரியப்பாவின் துருப்புச்சீட்டு. நியான்.

அடையாறு பட்டியலில் நியானுக்கு 360 மணி, எடை 20. கூடவே இன்னொரு வரி: 'மெட்டா-நியான்', 402 மணி, எடை 22.33. ஒரே தனிமம், இரண்டு எடை. இது 1908. நாலு வருஷம் கழித்து, கேம்பிரிட்ஜில் ஜே.ஜே.தாம்சன் நியான் வாயுவின் அயனிகளைக் காந்தப் புலத்தில் வளைத்துப் பார்க்கும்போது 20-இல் ஒரு கோடும், யாரும் எதிர்பார்க்காத 22-இல் மெலிதாக இன்னொரு கோடும் விழுகிறது. அவர் உதவியாளர் பிரான்சிஸ் அஸ்டன் அந்த 22-ஐப் பிரித்தெடுக்க 1913-ல் பாடாய்ப் பட்டார். களிமண் குழாய் வழியாக வாயுவைத் திரும்பத் திரும்பக் கசியவிட்டு, இலேசானதும் கனமானதும் பிரிகிறதா என்று பார்த்தார். அந்தக் கனமான நியானுக்கு அவர் வைத்த பெயர் 'மெட்டா-நியான்'!

தற்செயல் இல்லை. அஸ்டன் அந்தப் பெயரை அடையாறு புத்தகத்திலிருந்துதான் எடுத்தார் என்பதை அறிவியல் வரலாற்றுக்காரர்கள் காட்டியிருக்கிறார்கள். பெரியப்பா சொல்வதில் நிஜமான பாதி இதுதான். நோபல் வாங்கிய கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கு ஒரு சொல் அடையாறிலிருந்து போயிருக்கு. இதை மறைக்கத் தேவையில்லை, எனக்கு இதில் சந்தோஷமே.

ஆனா பெயர் போனதா, கண்டுபிடிப்பு போனதா? அடையாறு பட்டியலில் நியானுக்கு மட்டும் மெட்டா இல்லை. ஆர்கானுக்கு ஒரு மெட்டா, கிரிப்டானுக்கு ஒன்று, செனானுக்கு ஒன்று. எல்லாவற்றிலும் அதே 42 மணி கூடுதல். இதன்படி மெட்டா-ஆர்கானுக்கு 42 வரும். காற்றில் உள்ள ஆர்கானில் அப்படி ஒரு பங்கு கிடையாது. 36, 38, 40 உண்டு, 40 தான் கிட்டத்தட்ட முழுசும். இன்னொன்று, 'மெட்டா' என்ற யோசனையும் புதுசு இல்லை. 1898-ல் வில்லியம் ராம்சே, மந்த வாயுக்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருந்த உற்சாகத்தில், 'மெட்டார்கான்' என்று ஒரு வாயுவை அறிவித்து, அப்புறம் அது வேற வாயுவின் கலப்படம்தான் என்று தெரிந்து கைவிட்டார். ஆக நாலு குறியில் ஒரு குறிக்குப் பக்கத்தில் அம்பு விழுந்தது. அதுவும் 22-இல் இல்லை, 22.33-இல்.

அஸ்டன் அதோடு நின்றிருந்தால் நாமும் 'ஏதோ இருக்கலாம்' என்று விட்டிருக்கலாம். அவர் நிற்கலை. நடுவில் முதல் உலகப்போர். முடிந்ததும் 1919-ல் மாஸ் ஸ்பெக்ட்ரோகிராஃப் என்ற கருவியைக் கட்டினார். ஒரு தனிமத்தின் அயனிகளை எடைவாரியாகப் பிரித்து, போட்டோ தகட்டில் தனித்தனிக் கோடாக விழவைக்கும் கருவி. நியான் முடிந்த கையோடு அவர் எடுத்துக்கொண்டவற்றில் ஒன்று குளோரின்.

குளோரின் ஒரு பழைய தலைவலி. அணு எடை 35.5 பக்கம். பெரும்பாலான இலேசான தனிமங்கள் முழு எண்ணுக்குக் கிட்டே இருக்க, இது மட்டும் நடுவில் தொங்கும். அதற்காக வேதியியல் கணக்கு எங்கேயும் தப்பவில்லை. உப்பில் சோடியம் 39.34 சதவீதம், குளோரின் 60.66 சதவீதம். 22.99-ஆலும் 35.45-ஆலும் வகுத்தால் சுத்தமா ஒன்றுக்கு ஒன்று.

அடையாறில் குளோரினுக்குள் எத்தனை மணி தெரியுமா? 639. பதினெட்டால் வகுங்க. 35.5. புள்ளி தப்பலை!

நைட்ரஜனில் கோட்டை விட்டவர்கள் இங்கே மட்டும் கச்சிதம். பெரியப்பா காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளும் இடம் இதுதான். ஆனா அஸ்டன் தகட்டில் விழுந்தது என்ன? 35-இல் ஒரு கோடு. 37-இல் ஒரு கோடு. 35.5-இல் ஒன்றுமே இல்லை. வெற்றிடம்.

திரும்ப உண்டியலுக்கு வாங்க. நம்ம பையில் கிடக்கும் ஒரு ரூபாய் எல்லாம் ஒரே எடை இல்லை. 1992 வரிசை நாணயம் 4.85 கிராம், 2011 வரிசை 3.79 கிராம். கடைக்காரருக்கு இரண்டும் ஒரு ரூபாய்தான். புதுசு மூன்று, பழசு ஒன்று எடுத்துத் தராசில் வைத்து நாலால் வகுத்தால் சராசரி 4.055 கிராம். அந்த எடையில் ஒரு நாணயம் இந்தியாவில் எங்கேயும் கிடையாது. மூட்டையை எடைபோட்டு எண்ண அந்தச் சராசரி ரொம்ப உபயோகம். ஆனா ஒருத்தர் வந்து 'நான் ஒரே ஒரு நாணயத்தைக் கையில் எடுத்துப் பார்த்தேன், 4.055 கிராம் இருந்தது' என்றால்?

அவர் நாணயத்தைப் பார்க்கலை. எங்கேயோ எழுதிவைத்த சராசரியைப் பார்த்திருக்கிறார்.

குளோரினும் அப்படித்தான். இயற்கையில் நாலில் மூன்று பங்குக்குச் சற்று மேல் 35, மீதி 37. சராசரி 35.45. எந்தத் தனி குளோரின் அணுவும் 35.5 எடை கிடையாது. ஓர் அணுவுக்குள் நிஜமாகவே புகுந்து எண்ணியிருந்தால் 35-க்கான எண்ணிக்கை வந்திருக்கணும், அல்லது 37-க்கானது. 639 வரவே வராது. புரோமினும் இதே கதை. அடையாறில் 1439 மணி, அதாவது 79.94. நிஜத்தில் புரோமின் பாதிக்குப் பாதி 79-உம் 81-உம், 80 எடையில் ஒரு புரோமின் அணுவும் இயற்கையில் கிடைக்காது. தங்கத்தின் 197 மட்டும் ஏன் பொருந்துகிறது? இயற்கைத் தங்கத்தில் ஒரே ஒரு வகைதான். சராசரியும் தனி ஆளும் ஒன்றாகிவிடும் இடம் அது.

மோல் விகிதம் என்பது கூட்டத்தின் கணக்கு. ஒரு சிட்டிகை உப்பிலேயே நாம் நினைத்துப் பார்க்க முடியாத அளவு அணுக்கள். மோல் என்றால் 6.022 பெருக்கல் பத்தின் 23-ஆம் அடுக்கு. 2019-லிருந்து அந்த எண்ணையே நிலையாக வைத்து மோலுக்கு இலக்கணம் எழுதிவிட்டார்கள். அவ்வளவு பேர் கூடும்போது சராசரி அசையாது. அதனால்தான் மார்லிக்குக் கிடைத்த எண் இன்றும் நிற்கிறது, எந்தப் பள்ளி ஆய்வகத்தில் எடைபோட்டாலும் உப்பு ஒன்றுக்கு ஒன்று என்றே வருகிறது. தராசு காட்டுவது கூட்டத்தை. அஸ்டன் கருவி காட்டியது தனி ஆளை. அடையாறில் தனி ஆளைப் பார்த்ததாகச் சொன்னார்கள், ஆனா கையில் கிடைத்தது கூட்டத்தின் எண். வந்த இடம் அணு இல்லை, அன்றைய அணு எடைப் பட்டியல். தெரிந்து எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அணு எடை மனப்பாடமாக இருந்த ஒருவர் கண்ணை மூடினால் எது தோன்றும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

'மெட்டா-நியான்' என்று பெயர் வைத்த அதே கைதான் 35.5-இன் இடத்தை வெறுமையாகக் காட்டியது என்பதை நான் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் "ஒருவேளை அவா வேற மாதிரி பார்த்திருப்பாளோ என்னவோ" என்றார். அவர் ஒருத்தர் மட்டும் இல்லை, அப்படிச் சொல்பவர்கள் உண்டு. ஸ்டீபன் பிலிப்ஸ் என்ற இயற்பியலாளர் 1980-ல் இதையே வைத்து ஒரு புத்தகம் போட்டார். மணிகள் குவார்க்குக்கும் உள்ளே இருக்கும் துகள்கள், இவர்கள் பார்த்தது ஓர் அணு இல்லை, இரண்டு அணுக்கருக்கள் சேர்ந்த கலவை என்று. குவார்க்குக்குள் துகள் இருப்பதாக இதுவரை எந்தச் சோதனையிலும் தெரியவில்லை. அது போகட்டும். எந்த இரண்டு கருக்களைச் சேர்த்தாலும் அம்மோனியாவில் 3.13 எப்படி வந்தது என்ற கேள்விக்கு எனக்கு அதில் பதில் கிடைக்கலை.

சபைத் தோட்டத்திலிருந்து கிளம்பி சர்தார் படேல் சாலையில் போனால் தோல் ஆராய்ச்சி நிறுவனம், எதிரில் கொஞ்சம் தள்ளி ஐஐடி. புதுசாக ஒரு சேர்மம் செய்த ஆராய்ச்சி மாணவர்கள் இன்றும் அதில் கார்பன் இத்தனை சதவீதம், ஹைட்ரஜன் இத்தனை, நைட்ரஜன் இத்தனை என்று எடைக் கணக்கு வாங்கி, 12.011-ஆலும் 1.008-ஆலும் 14.007-ஆலும் வகுத்து, முழு எண் விகிதம் வருகிறதா என்று நகம் கடித்துக்கொண்டு பார்க்கிறார்கள். கூடவே அஸ்டன் கருவியின் பேரப்பிள்ளையில் கொடுத்து எடையையும் பார்த்துக்கொள்கிறார்கள். சேர்மத்தில் குளோரின் இருந்தால் அதில் இரட்டைச் சிகரம் விழும், இரண்டு எடை இடைவெளியில், மூன்றுக்கு ஒன்று உயரத்தில். அதைப் பார்த்தே 'ஓ, குளோரின்' என்று சொல்லிவிடுவார்கள்.

'அக்கல்ட் கெமிஸ்ட்ரி' இரண்டாம் பதிப்பு 1919-ல் வந்தது, அஸ்டன் கருவி கட்டிய அதே வருஷம். மூன்றாவது, பெரிய பதிப்பு 1951-ல் ஜினராஜதாசா மேற்பார்வையில். குளோரின் அதிலும் 639 மணிதான். பெசன்ட் 1933-ல் அடையாறிலேயே காலமாகிவிட்டார், லெட்பீட்டர் அடுத்த வருஷம். அஸ்டனுக்கு 1922-ல் வேதியியல் நோபல். 1945-ல் அவரும் போய்விட்டார். 'மெட்டா-நியான்' என்ற பெயரை அதற்கு ரொம்ப முன்னாலேயே விட்டுவிட்டிருந்தார்.